புது மூக்கு

குதைபியா, மூன்றாம் மாடி, இருபத்து மூன்றாம் எண்.
ஆகஸ்ட் மாதம்.
கட்டணம் கட்டாமல் மின்சாரம் போய், ஏசி நின்று,
ஒன்பதாம் நாள் கதவை உடைத்திருக்கிறார்கள்.
போலீஸ் வந்து போயிற்று. ஆம்புலன்ஸ் வந்து போயிற்று.
மிச்சத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

மிச்சம் என்பது
மெத்தையில் ஓர் ஆள் நீளம்.
மெத்தைக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே தரை,
தரையில் ஓடுகளின் இடுக்கு.
அது எதுவரை இறங்கியதோ
அதுவரை நாங்களும் இறங்க வேண்டும்.

ஆர்னெல் பிலிப்பைன்ஸ்காரன்.
எங்களிடம் அவன் கற்ற தமிழ் இரண்டே சொல்:
"இரு."
"தொடாதே."
இந்த வேலைக்கு அது தாராளம்.

இரண்டு கையுறை, மணிக்கட்டில் டேப்.
மருந்து தெளித்தால் பத்து நிமிடம் இரு.
கிருமிக்கும் சாக அவகாசம் வேண்டும்.
பத்து நிமிடமும் சுவரைப் பார்த்து நின்றோம்.
சுவரில் ஓர் ஆணி,
ஆணியில் செருப்புக்கடையில் இனாமாகத் தரும்
ஷூ மாட்டும் கரண்டி.
கண்ணாடிக்குள் வேர்வை கண்ணில் இறங்கியது.
துடைக்கக் கூடாது.
கை அசுத்தம், முகம் சுத்தம்.
நடுவே உள்ள ஒரு சாணைக்
காத்துக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம்.

வெளியே கடிகாரத்தோடு இசக்கிமுத்து.
இருபது நிமிடம் ஆனால் கதவில் மூன்று தட்டு.
வெளியேறு, கழற்று, தண்ணீர் குடி.
அந்தச் சூட்டில் வீரம் காட்டியவன் ஒருவன்
போன வருடம் உடைக்குள்ளேயே சரிந்தான்.

மெத்தையை அறுத்தோம்.
துண்டு துண்டாக மஞ்சள் பையில்,
பையின் கழுத்தைத் திருகி, மடக்கி, கட்டி,
அதன்மேல் இன்னொரு பை.
லிஃப்டில் இறக்கும்போது ஆளில்லாத நேரம் பார்த்தோம்.
ஓடு பெயர்த்தோம். ஆறு ஓடு.
தேறியவை: குக்கர், பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்,
அந்தக் கரண்டி.

இரண்டாம் நாள் மதியம் அபு ஜாசிம் வந்தார்,
கட்டடக்காரர்,
கையில் பஹூர் புகையும் சட்டியோடு.
"கொஞ்சம் காட்டிவிடுகிறேன். வியாழன் புது ஆள் வருகிறது."
வாசலில் மறித்தேன்.
புகை போர்த்தும், ஐயா. நாங்கள் எடுக்கிறவர்கள்.
போர்த்தி வைத்தது
கடற்காற்று ஈரமாக வீசும் இரவில்
எழுந்து உட்காரும்.
அவர் கோபிக்கவில்லை.
படியில் உட்கார்ந்து கனல் ஆறும்வரை இருந்தார்.
"அவன் வாடகையை ஒருமுறைகூட..." என்றார்.
முடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பஞ்சுக்குச்சியால் தரையை ஒற்றி
மீட்டரில் போட்டோம்.
நானூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி தேய்த்தோம். தொண்ணூற்றாறு.
மறுபடி. பத்தொன்பது.
முப்பதுக்குக் கீழ் வந்தால் சுத்தம் என்கிறது கம்பெனி.

ஆனால் மீட்டருக்கு மூக்கு கிடையாது.
எங்கள் மூக்குக்கோ மூன்று நாளில் எல்லாம் பழகிவிடும்.
ஆகவே கடைசியில் புது மூக்கு ஒன்று வேண்டும்.
காவலாளி மொஃபிஸுலைக் கூப்பிட்டேன்,
சில்ஹெட் பக்கத்துக்காரர்.
செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார்.
நடு அறையில் நின்று
குழம்பில் உப்புப் பார்ப்பவர்போலக் கண்ணை மூடி
மெல்ல இழுத்தார்.

"ஒன்றுமில்லை" என்றார்.
ஆர்னெல் கட்டைவிரலைத் தூக்கினான்.
மொஃபிஸுல் இன்னொரு முறை இழுத்தார்.
"கோடாலித் தைலமும் இல்லை."

என்ன தைலம்?

"கதவைத் திறப்பார். தைலம் முதலில் வெளியே வரும்.
அப்புறம்தான் அவர்."

படிவத்தில் வாடை என்ற கட்டம் இருக்கிறது.
இல்லை என்று எழுத வேண்டும்.
கார்பன் வைத்த மூன்று படி.
அடியில் உள்ளதிலும் விழும்படி
அழுத்தி எழுதினேன்.