மூன்றாம் முக்குச் சாம்பல்

கலகக்காரர்களுக்கு நாற்பது கொடி வேண்டும்,
எந்தக் கட்சியும் உரிமை கொண்டாட முடியாத நிறத்தில்
என்றார் இயக்குநர்.
காலம், இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
களம், செவ்வாயில் ஓர் அரண்மனை.
படப்பிடிப்பு கானாடுகாத்தானில்.

சிவப்பு கூடாது
(கிரகம் மட்டும் சிவந்திருக்கலாம்).
கறுப்பு கூடாது,
இரண்டும் ஒட்டி நின்றால் கூடவே கூடாது.
நீலம் என்றதும் தயாரிப்பாளர் போனை எடுத்தார்.
காவிக்கும் பச்சைக்கும் நான் வாயே திறக்கவில்லை.
மஞ்சளைச் சொன்னேன்.
மேலாளர் என்னை வெளியே கூட்டிப்போய்
எந்த மாவட்டத்தில் அது எந்தச் சாதி என்று
விரல் மடக்கினார்.
வெள்ளை, சரணாகதி.

காரைக்குடியில் சாயம் முக்கும் ஜபருல்லா
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
"அப்ப சாம்பல்தான் மிச்சம்" என்றார்.
"கறுப்புப் பக்கம் சாயணுமா, வெள்ளைப் பக்கமா?
நடுச்சாம்பல்னு ஒண்ணு கெடையாது தம்பி,
காயக் காய ஒரு பக்கம் போயிரும்."
மூன்றாம் முக்கில் போதும் என்றேன்.

உடுப்புப் பிரிவில் நான் இரண்டாம் உதவி.
அறுபது பேருக்குத் தலைக்கவசம்,
முழங்கால்வரை பூட்ஸ்.
ஆள் பிடித்துவந்த ஏஜென்ட்
காவலர் இந்தப் பக்கம், கலகக்காரர் அந்தப் பக்கம் என்று
வரிசையைப் பிரித்தான்.
உயரம் பார்த்துத்தான் பிரித்தேன் என்று
கேட்காமலே சொன்னான்.
முகமே தெரியாத வேஷம்.
சம்பளப் பட்டியலில் அவர்கள்
க-1 முதல் க-40 வரை.

மூன்றாம் நாள் வாசலை உடைக்க வேண்டும்.
பர்மாத் தேக்கு நிலையைத் தொடக்கூடாதென்று ஒப்பந்தம்,
அதனால் அதற்கு முன்னால் தெர்மாக்கோலில் இன்னொரு நிலை.
புகை போட்டார்கள். லேசரைப் பிறகு சேர்ப்பார்கள்.
நாற்பது பேரும் ஓடிவர
க-17 மட்டும் படியருகே நின்று
குனிந்து
பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.

கட்.
"செவ்வாயில எவன்யா செருப்பக் கழட்டுவான்?"
எல்லாரும் சிரித்தார்கள்,
கவசத்துக்குள் அவரும்.
இரண்டாம் டேக்கிலும் குனிந்தார்.
நான் போய் முடிச்சை இறுக்கிக் கட்டினேன்.
"கை தானாப் போகுதுங்க."
பூமிராசன், கொத்தனார்.
போன மாசி இதே வீட்டுக்குச் சுண்ணாம்பு பூச வந்தாராம்,
பின்கட்டு வழியாக.

"இது எந்த ஊர்க் கதையும் இல்ல,
எந்த ஆளுங்க கதையும் இல்ல,
படத்துல அரசியல் வேண்டாம்"
என்றார் இயக்குநர்,
அந்தப் பூட்ஸைப் பார்த்து.

படம் வந்தது. காரைக்குடியில் இரவுக்காட்சி.
நிறம் திருத்தியவர் கைங்கரியத்தில்
கொடியில் லேசாக நீலம் ஏறியிருந்தது.
முன்வரிசையில் ஒருவன் எங்க கொடிடா என்று விசிலடித்தான்.
பின்னாலிருந்து ஒருவர் இதற்கு வழக்குப் போடணும் என்றார்.

நான் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புகைக்கு அடியில், அரை நொடி,
ஒரு கை முடிச்சைத் தேடுகிறது.
எடிட்டர் கவனிக்கவில்லை.
அவிழவும் இல்லை,
இரட்டை முடிச்சு,
நான் போட்டது.