ஓரத்தில் எழுதியது

காசிமேடு, குறுக்குச் சந்து, இரவு பத்தே முக்கால்.
தாமரைக்கனி வீட்டுக் குண்டு பல்பு
ஊதுவத்தி முனைபோல் சிவந்து கிடக்கிறது.
எதிரே ஜொஹராம்மா வீட்டில்
டிவி வெடித்து, ஃபிரிட்ஜ் புகைந்து,
அதற்கடுத்த வீட்டில் ஃபேன்
கொக்கியோடு பிய்த்துக்கொண்டு பறக்கப் பார்க்கிறது.

"இன்னா மேடம், ஒரே லைன்ல
ஒருத்தனுக்குப் பட்டினி, ஒருத்தனுக்கு வாந்தியா?"

ஒரே பில்லர் பெட்டிதான்.
கதவைத் திறந்தால் பெருச்சாளி ஓடுகிறது.
சிவப்பு, மஞ்சள், நீலம்
முறுக்கியது முறுக்கியபடி.
கறுப்புதான்,
உப்புக்காற்று தின்ற லக்கில்
ஒற்றை இழை பிடித்தும் பிடிக்காமலும்.
எத்திராஜுலு டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய்
"நியூட்ரல் போயிடுச்சு மேடம்" என்றார்
வீட்டில் யாரோ போய்விட்ட குரலில்.

முக்கு டிரான்ஸ்ஃபார்மரில்
பதினோராயிரம் வோல்ட் வாங்கும் சுருள்கள் மூன்றும்
ஒன்றின் வாலை ஒன்று பிடித்த முக்கோணம்.
அங்கே நடு என்று ஒன்றே கிடையாது.
தெருவுக்குத் தரும் பக்கம்
மூன்று வாலையும் சேர்த்து முடிந்து
முடிச்சை மண்ணில் புதைத்திருக்கிறோம்.
அந்த முடிச்சிலிருந்து வருவது நான்காவது.
மூன்றும் சமமாக இழுத்தால்
அதில் ஓடுவது பூஜ்யம். அப்படித்தான் படித்தேன்.

எந்தத் தெரு சமமாக இழுக்கிறது?
சிவப்பில் மீன் ஃப்ரீசர் பன்னிரண்டு.
மற்ற இரண்டிலும் தூங்கும் வீடுகள்.
மிச்சத்தைச் சுமந்து
இத்தனை வருஷமாய்த் திரும்பி நடந்தது கறுப்பு.
அது விட்ட நொடியில்
பூஜ்யம் இடம்பெயர்ந்து
பாரம் இழுப்பவன் பக்கம் சாய்ந்தது:
அவனுக்கு நூற்று முப்பது வோல்ட்,
சும்மா கிடந்தவர்களுக்கு இருநூற்றுத் தொண்ணூறு.

சப்ளையை நிறுத்தி, சுரண்டி, புது லக் அடித்து
டாங் டெஸ்டரை மாட்டினேன்.
அறுபத்திரண்டு ஆம்பியர், யார் பேரிலும் இல்லாதது.

ஃப்ரீசர்களை நாலுநாலாய்ப் பிரித்தோம்.
மூன்றும் சமமான பிறகும்
பதினெட்டு மிச்சம்.
எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும்
மும்மடங்கு வேகத்தில் துடித்து அனுப்புவது
ஒன்றையொன்று அழிக்காது, கறுப்பில் கூடும்.
மேலே முக்கோணத்துக்குள் ஏறி
வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி
எண்ணெயைக் காய்ச்சும்.

"ஃபிரிட்ஜுக்கு யாரும்மா பொறுப்பு?"
ஜொஹராம்மா கேட்டது அது ஒன்றுதான்.
வாசலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது
காலையில் விற்க வைத்திருந்த இறால்.
எத்திராஜுலு ஸ்பேனரைத் துடைத்தார்.
துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

செக்‌ஷன் ஆபீஸ் பதிவேட்டில் ஆர், ஒய், பி,
மூன்றே கட்டம்.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: 62.
கீழே, 18.
அதற்கும் கீழே
இறால், எட்டு கிலோ.