டேப் ஒட்டிய இடம்

கியூம்ரியில் பனி விட்டு மூன்று நாள்.
சாலையில் தூவிய உப்பு முழுக்க
என் வோல்காவின் வயிற்றில்.

முதலில் வெந்நீர். பிறகு
அலுமினியத் தாளைக் கசக்கி, நனைத்து,
பம்பரின் துருவை வட்டம் வட்டமாக.
அழுத்தினால் போச்சு:
குரோமுக்கு முடியளவுகூடத் தடிமன் இல்லை,
அடியில் நிக்கல் மஞ்சளாகப் பல்லிளிக்கும்.

கதவோரப் பட்டையில்தான் வேலை அதிகம்.
ரிப்பன் கட்டிய டேப்பின் பசை.
எந்தக் கல்யாணம் என்று
ஒட்டியிருக்கும் இழையை வைத்தே சொல்வேன்.
இந்த ஊதா போன ஆகஸ்ட்,
காசைக் குறைத்துக் கொடுத்த மாமனார்.
இந்த வெள்ளை, நான்கு வருடம் முந்தையது,
ஷுஷானிக்குடையது.
மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.

நாளைக்கும் அவள்தான்.
மாப்பிள்ளை வேறு.
"அதே காரா?" என்று போனில் கேட்டாள்.
"அதேதான்."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"சரி. ரிப்பன் வேண்டாம்."

நக நுனியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.
பசை போன இடத்தில்
ஒரு சதுரம், உப்பே தொடாமல்,
புதுசாகப் பளபளக்கிறது.
சுற்றிலும் மங்கல்.

மெழுகு பூசித் துடைக்கிறேன்,
மறுபடி பூசித் துடைக்கிறேன்.
சதுரம் சதுரமாகவே இருக்கிறது.

நாளைக்கு அந்தப் பக்கக் கதவை
மாப்பிள்ளைக்குத் திறந்துவிட வேண்டியதுதான்.