பிறவாதவன்

கப்பதோக்கியாவில் பனி. மைக்கூடு உறைந்துவிட்டது;
அக்குளில் இடுக்கி உருக்குகிறேன்.

"பிறவாதவன் என்பதே அவன் சாரம்,
மற்ற பெயரெல்லாம் வெறும் ஓசை"
என்கிறார் தியாக்கோன் ஸோபிரோஸ்.
எதிர்க்கட்சிக்கு அதுவும் நாம் தைத்த சட்டைதான்:
அளவு கொடுக்க ஆள் வந்ததில்லை.

இரண்டு பேருக்கும் நான்தான் படியெடுக்கிறேன்,
ஏட்டுக்கு மூன்று காசு.

நாற்பத்தோராம் முறை அந்தச் சொல்லை எழுதுகையில்
விலாவில் ஓர் உதை.
வரி கோணிவிட்டது.

ஏழு மாதம்.
இவனும் பிறவாதவன்தான். இவளோ, என்னவோ.
பெயர் யோசித்தாயா என்று லூப்போஸ் நச்சரிக்கிறார்.
நான் "ஏய்" என்பேன்,
உள்ளே புரளும்.
அவ்வளவுதான் எங்களுக்குள்.

கோணிய எழுத்தைச் சுரண்டக்
கத்தியை எடுத்தேன்.
பசித்தது.
ரொட்டியை நறுக்கிக்கொண்டேன்.