முக்கால்

டிப்பன் டாப்பன் டோன்ஷன்.
மரச்செருப்புக்காரர்கள் இறங்கிய சத்தத்தையே
அந்தப் படிக்கட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.
நான் இறங்கிய சத்தம் வேறு.
நனைந்த சருகில் ஒரு வழுக்கல்,
பிறகு உள்ளுக்குள்ளே
ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒன்று.
எனக்கு முன்னமே கடிதங்கள் கீழே போய்ச் சேர்ந்துவிட்டன.

வூப்பர்டாலில் பதினொரு வருடமாய்த் தபால் போடுகிறேன்.
எந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்று
என் கால்களுக்குத் தெரியும், கேட்டால் எனக்குத் தெரியாது.
அன்று கடைசிப் படியை மட்டும்
அவையும் மறந்து போயின.

திரையில் காட்டினார் டொக்டர் பிரிங்மான்:
வெளிக்கணுவின் நுனியை விட்டு
அரிசிக் குறுணி அளவில் ஓர் எலும்பு
தனியே நின்றது.
நார் சும்மா அறுந்திருக்கலாம்.
என்னுடையது பிடிவாதக்காரி,
போகிற போக்கில் எலும்பையும் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒரு பாதத்தில் இருபத்தாறு எலும்பு,
இரண்டுக்கும் ஐம்பத்திரண்டு,
உடம்பு முழுக்க இருநூற்றாறு.
சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டே
மனதுக்குள் வகுத்தேன்.
நாலில் ஒன்று, கொஞ்சம் மேலே.
எண்ணிப் பார்த்துத்தான் வைத்தார்களோ
கால் என்று.

காத்திருக்கும் அறையில் எல்லாரும்
ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு இருந்தோம்.
லெவின், பதினாறு வயது, கோல் காப்பவன்.
யாரும் இடிக்கவில்லையாம்.
உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை,
நடுவில் சமாதானம் பேசப்போன முழங்கால்
அறுந்துபோனது.
டப் என்று கேட்டதும்
பந்து கம்பத்தில் பட்டதென்று நினைத்தானாம்.

ஓஸ்டர்காம்ப் பேட்மின்டன் விளையாடியவர்.
குதிக்கு மேலே யாரோ உதைத்த மாதிரி.
சண்டைக்குத் திரும்பினால்
பின்னால் வெறும் சுவர்.
உதைத்தது குதிநாண்.
"ஐம்பத்துமூன்று வருடம் என்னைத் தூக்கியது,
போகும்போது ஒரு உதை உதைக்கக் கூடாதா?"

மூலையில் ஒரு கேக் கடைக்காரி.
விடிந்ததும் கட்டிலை விட்டு வைக்கும் முதல் எட்டில்
குதிக்குள் ஆணி இறங்குகிறது,
பத்து எட்டு நடந்தால் குறைகிறது.
விழவில்லை, வழுக்கவில்லை, நின்றுகொண்டே இருந்ததுதான்.
தனக்குச் சொல்ல ஒரு கதை இல்லையே என்று
அவளுக்குத்தான் அதிக வருத்தம்.

வீட்டில் குளியலறைத் தராசு.
"பதினேழு கிலோவுக்கு மேல் அழுத்தாதே, வதனி"
என்றாள் ஃபிசியோ கதஜினா.
அறுபத்தெட்டில் பதினேழு.
காலால் கால் பங்கு.
முள் இருபத்தைந்துக்குத் தாவுகிறது,
ஒன்பதுக்கு ஓடி ஒளிகிறது.
கொஞ்சமாய்க் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

ஊன்றுகோல் இரண்டு, நல்ல கால் ஒன்று,
ஆக நான் இப்போது முக்கால்.
இதை ஜெர்மனில் சொல்லி
ஒருத்தரையும் சிரிக்கவைக்க முடியவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
ஆற்றின் மேல் தொங்கு ரயில் போகிறது,
அதுவும் தரையில் கால் ஊன்றாத வண்டிதான்,
ஆனால் நேரத்துக்குப் போகிறது.

ஆறாவது கிழமை. இப்போது வேறு பாடம்:
தலையணை மேல் ஒற்றைக் காலில் நின்று
கண்ணை மூடிக்கொண்டு பல் துலக்கவேண்டும்.
நார் வெறும் கயிறு இல்லையாம்.
தரை எங்கே, சரிவு எங்கே என்று
மூளைக்குத் தபால் போடுகிற வேலையும் அதற்குண்டாம்.
அறுந்ததிலிருந்து தபால் தாமதம்.
பாதம் சரிந்து, நான் தொட்டியைப் பிடித்த பிறகு
செய்தி வந்து சேர்கிறது.

கீழே கதவுப் பெட்டி தட்டுகிறது.
எனக்குப் பதிலாய் வரும் பையன்
நாற்பத்தொன்றின் கடிதத்தை
இன்றைக்கும் பதினாலில் போட்டிருக்கிறான்.
ஒன்றும் நாற்பதும் என்று
தலைகீழாய் எண்ணுகிற ஊரில் புதிது அவன்.
போன மாதமென்றால் அலுவலகத்துக்கு அடித்துக் கத்தியிருப்பேன்.
வாயில் நுரையோடு,
ஒற்றைக் காலில்,
இன்னும் எட்டு வினாடி.