எடைச் சீட்டு

நான் எழுதுகிறவள் இல்லை, பதிகிறவள்.
பிஸ்மார்க் நகரின் நீதிமன்றத்தில்
பத்தொன்பது ஆண்டுகளாய்
பிறர் வாயிலிருந்து சொல் விழுமுன்னே
கைநீட்டிவிடும் விரல்கள் எனக்கு.
மௌனத்துக்கு மட்டும்
என் யந்திரத்தில் விசை கிடையாது.
அதனால்
வெர்னா ஸ்கோக்ஸ்டாட் எனக்குப்
பாதிதான் பதிவாகிறாள்.

மாநில அரசின் வழக்கறிஞர்.
நுகர்வோர் பிரிவு, மூன்றாம் மாடி,
கதவில் பெயர்ப்பலகை கோணல்.
சட்டக் கல்லூரிக்குப் போகும்போது
வயது முப்பத்தொன்று.
அதற்குமுன் மைனாட்டுக்கு வடக்கே
ஒரு தானியக் கிடங்கில்
லாரிகளுக்கு எடை போட்டவள்.
ஆட்சேபணை சொல்ல எழும்போதெல்லாம்
ஒரு செருமல்,
பழைய கோதுமைத் தூசி.

குரலை உயர்த்தமாட்டாள்.
குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி
பெரும்பாலும் இதுதான்:
"அன்று காற்று எப்படி அடித்தது?"
பொய் சொல்ல வருகிறவர்
பணத்தை, தேதியை, சகலையின் பெயரைக்கூட
ஒத்திகை பார்த்து வருகிறார்.
காற்றை யாரும்
தயார் செய்துகொண்டு வருவதில்லை.

வழக்குக்கு முன்
இடத்தை நேரில் பார்த்துவிடுவாள்,
பனி முழங்காலளவு கிடந்தாலும்,
அரசு வண்டியில் ஹீட்டர் செத்திருந்தாலும்.
மதியத்துக்கு அவித்த முட்டை இரண்டு,
காகித மடிப்பில் உப்பு.

இந்த அக்டோபரில் வந்தது
கிடங்கு வழக்கு.
லாரிக்கு நாற்பது பவுண்டு வீதம்
எடைமேடை தின்றிருக்கிறது,
பல அறுவடைகளாய்,
யார் உதட்டிலும் உமி ஒட்டாமல்.

முதல் அமர்விலேயே எழுந்தாள். செருமினாள்.
"மாண்பமை நீதிபதி அவர்களே,
அரசுத் தரப்பு ஆவணம் பன்னிரண்டு, எடைச் சீட்டுகள்.
அவற்றில் இருநூற்றுப் பதினொன்று
என் கையெழுத்து."

எதிர்த்தரப்பு வக்கீல்
பேனாவைத் திறந்தபடியே நின்றார்.
அதே சீட்டுகளை
கடைசி நாளுக்கென்று
மஞ்சள் உறையில் வைத்திருந்தாராம்,
கேன்டீனில் பிறகு சொன்னார்கள்.

கோப்பை டுவேன் வெய்கம் பக்கம் தள்ளினாள்.
அவருக்கும் அவளுக்கும்
ஆறு வருடமாய்ப் பேச்சு சரியில்லை,
ஏதோ பதவி உயர்வு விஷயம்.
அவர் வாங்கிக்கொண்டார்.

டிசம்பரில்
சாட்சிக் கூண்டில் ஏறினாள்.
வக்கீல் மேசையிலிருந்து எட்டடிதான்.
அன்று பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள்,
பையைத் தரையில் வைக்க இடம் தேடினாள்,
கிடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

டுவேன் கண்ணாடியைத் துடைத்தார்.
"அன்று காற்று எப்படி அடித்தது?"

பக்கத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு வரி.
அங்கே அவள் நெடுநேரம் இருந்தாள்.

"வடமேற்கிலிருந்து. மேடை ஆடியது.
ஊசி நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.
பின்னால் பதினாறு லாரிகள்,
ஹாரன் அடித்துக்கொண்டு.
நிற்குமுன்னே எழுதினேன்."

என் விரல்கள்
அவள் முடிக்குமுன்னே
முடித்திருந்தன.