கப்புவாவின் புறம்போக்கு

அஞ்சல்வழி எம்.ஏ., தாள் மூன்று, ரோமாபுரி.
ஏழாம் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை:
கப்புவாவை வென்றபின் ரோம் அதை எப்படி ஆண்டது?
பதினைந்து மதிப்பெண்.
பதில் இப்போது வருகிறது,
தக்கலைக்கு மேற்கே, கொன்னக்குளத்தின் கரையில்,
முழங்கால்வரை ஆகாயத்தாமரை,
கையில் நாடாவின் ஒரு முனை.
மறுமுனையில் செயின்மேன் ஏசுவடியான்
"இன்னும் வலிங்க, மேடம், வலிங்க" என்கிறார்.

அந்த ஊரை அவர்கள் இடிக்கவில்லை.
உழுகிறவன் ராத்திரி எங்கே படுப்பான்?
மதில் நின்றது. சந்தை கூடியது.
தைலம் விற்ற தெருவில்
தைலமே விற்றார்கள்.
பெரியோர் சபை மட்டும் இல்லை.
ஊர்க்கூட்டம் இல்லை.
வழக்குத் தீர்க்க ஆண்டுக்கு ஓர் ஆள்
ரோமிலிருந்து வருவான்,
வந்த வண்டியிலேயே போவான்.
சுற்றிக் கிடந்த வயலுக்கெல்லாம் ஒரே பெயர்.
பாடநூல் அதைப் பொதுநிலம் என்றது.
பத்து வருடமாக நான் எழுதுகிற சொல் வேறு:
புறம்போக்கு.

தென்னை இடைவெளியில் கோட்டைச் சுவர் தெரிகிறது.
பத்மநாபபுரம்.
தலைநகரமாக இருந்து நகராட்சியானது.
அரண்மனைக்குள் கேரளம்;
வெளியே வந்து செருப்பை மாட்டினால் தமிழ்நாடு.
இதையும் அதையும் சேர்த்துக் கட்டலாம் என்று தோன்றும்.
தப்பு.
இங்கே அங்கிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல வருவதில்லை.
இங்கிருந்துதான் நவராத்திரிக்கு
சரசுவதி ஆனைமேல் திருவனந்தபுரம் போகிறாள்,
இரண்டு மாநிலப் போலீசும் விறைத்து நிற்க.
பூசை முடிந்ததும் திரும்பிவிடுகிறாள்.
பயணப்படி கிடையாது.

புலப்படத்தில் குளம் ஒரு ஏக்கர் எண்பது சென்ட்.
நாடாவில் ஒன்று இருபது.
மீதியில்
பதினோரு மட்டி வாழை,
கழற்றிப்போட்ட ஒரு ஆட்டோவின் முன்சக்கரம்,
சொர்ணபாயின் வீடு.

பிஸ்கட் டின்னிலிருந்து அவள் ஆதாரத்தை எடுத்தாள்.
கொல்லம் ஆயிரத்து எண்பத்து நாலு,
முழுக்க மலையாளம்.
எங்கள் ஆபீசில் அதை வாசிக்கிறவர்
மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார்.
"நான் வாசிக்கேன்" என்றாள்.
கொல்லத்து அண்டியாபீசில் பத்தொன்பது வருசம்,
பஸ் போர்டு பார்த்துப் பழகிய எழுத்து.

அவள் வீட்டின் தலையெழுத்தை
அவளே வாசிக்க, நான் எழுதிக்கொண்டேன்.
கிழக்கே தோடு. தெற்கே வழி.
இடம்...
விரல் நின்றது.
"குளம்."
கொஞ்சம் கழித்து, "களமோ?"
தாளை வெயிலுக்குப் பிடித்தாள்.
முதல் எழுத்தின் காலடியில்
ஒரு சுழி இருந்திருக்கலாம்.
அங்கே செல் அரித்த ஓட்டை;
அதன் வழியே ஆகாயத்தாமரை தெரிந்தது.

குளம் என்றால் சர்க்கார்.
களம் என்றால் அவள் பூட்டன் நெல் அடித்த தரை.

ரோமில் ஒருவன்,
இடையில் வேலி போட்டவர்களுக்குக் காசு கொடுத்து
கப்புவாவின் வயல்களை மீட்டு,
அளந்ததை வெண்கலத்தில் வார்த்து
சுதந்திர தேவியின் மண்டபத்தில் மாட்டி வைத்தான்.
பின்னால் ஆள வந்தவன்
வெண்கலத்தையே மாற்றிவிட்டான்.
காகிதத்தை ஒரு பூச்சி.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.
எனக்கு வேறு வழி தெரியவில்லை.
"நான் சொன்னா எழுதுவியளா?"
"எழுதணும்."
அவள் வாழையைப் பார்த்தாள்,
என் ஈரப் பாவாடை விளிம்பைப் பார்த்தாள்.
"பொய் சொல்லத் தெரியாம இல்ல" என்றாள்,
"எழுத்து தெரியாம நிக்கேன்."
பிறகு டின்னை மூடிக்கொண்டு
சாயா போட உள்ளே போனாள்.

ஏசுவடியான் எதுவும் கேட்கவில்லை.
நாடாவில் ஒட்டிய சேற்றைப் பெருவிரலால் வழித்து
சுருட்டத் தொடங்கினார்,
முப்பதாம் மீட்டரிலிருந்து.